வேடந்தாங்கல் போறீங்களா? டிபன் நேரத்தை மறந்துடாதீங்க!

டிசம்பர் பிறந்தால் போதும். "லீவுல எங்கயாவது கூட்டிட்டுப் போங்கப்பா" என்று பிள்ளைகள் நச்சரிக்க ஆரம்பித்து விடுவார்கள். ஊட்டி, கொடைக்கானல் என்றால் செலவு... ரூம் கிடைக்காது... தாத்தா பாட்டியை யார் பொறுப்பில் விட்டுப் போவது? கடைசியில் பீச்சுக்குக் கூட்டிப் போய் சுண்டல் வாங்கிக் கொடுத்து சமாதானம் செய்து விடுவோம்.

அட, சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டரில் வேடந்தாங்கல் இருக்கிறதே! காலையில் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து விடலாம். தாத்தா பாட்டியையும் தாராளமாகக் கூட்டிப் போகலாம்.

ஆனால், ஒன்று. "சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று கிளம்புகிற இடம் இல்லை இது. நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் தடவை பறவையே இல்லை. இரண்டாம் தடவை பறவைகள் இருந்தன, நாங்கள்தான் பார்க்கிற நிலைமையில் இல்லை. மூன்றாம் தடவைதான் உருப்படியாகப் பார்த்தோம். எங்கள் வீட்டில் நடந்த கூத்து உங்கள் வீட்டில் நடக்க வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை நாங்கள் போனது மே மாதம். பள்ளிக்கூடத்துக்கு அப்போதுதானே லீவு! போய்ப் பார்த்தால் ஏரியில் வெடிப்பு விட்ட மண்ணும் மொட்டை மரங்களும்தான். "பறவை எங்கேம்மா?" என்று பையன் கேட்டதற்கு, தலைக்கு மேலே போன காக்காவைக் காட்டினார் என் கணவர்.

தப்பு எங்களுடையதுதான். வேடந்தாங்கல் மிருகக்காட்சி சாலை இல்லை, ஒரு ஏரி. முப்பது ஹெக்டேர், அதாவது எழுபத்தைந்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் பரப்பு. வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிரம்பினால், உள்ளே இருக்கும் மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். அப்போதுதான் பறவைகள் அந்த மரங்களை நம்பிக் கூடு கட்டும். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் பூனை, நாய், கீரி ஏறி முட்டையைத் தூக்கிப் போக முடியாது இல்லையா? கோட்டைக்கு அகழி மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன். தண்ணீர் வற்றினால் அகழி போச்சு, பறவையும் போச்சு. நவம்பர் முதல் மார்ச் வரைதான் சீசன். அதிலும் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி ரொம்ப விசேஷம். அந்த வருஷம் மழை பொய்த்திருந்தால் ஜனவரியிலும் ஏமாற்றம்தான். கிளம்பும் முன் வனத்துறையிடமோ, அண்மையில் போய் வந்தவர்களிடமோ "ஏரியில் தண்ணி இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டு விடுங்கள்.

இந்த ஊர்க்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். வெள்ளைக்கார சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர் ஜனங்கள் திரண்டு போய்க் கலெக்டரிடம் முறையிட்டார்களாம். அப்போது செங்கல்பட்டு கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். பறவைகளைக் காக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்று 1798-ல் அவர் கவுல் எழுதிக் கொடுத்ததாக வரலாறு. 'சுற்றுச்சூழல்' என்ற வார்த்தையே யாரும் கேள்விப்படாத காலம்! ஊராருக்கு அதில் ஒரு சுயநலமும் இருந்தது, மறைப்பானேன்? பறவைகளின் எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்குப் பாயும்போது அதுவே நல்ல உரம். யூரியா மூட்டை வாங்குகிற செலவு மிச்சம் என்று இன்றைக்கும் கணக்குப் போடலாம். 2022-ல் இந்த ஏரி ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈர நிலங்களின் வரிசையில் சேர்ந்தது. பக்கத்தில் இருக்கும் கரிக்கிலி ஏரிக்கும் அதே வருஷம் அந்தப் பெருமை கிடைத்தது.

சரி, இரண்டாம் தடவைக்கு வருவோம்.

ஜனவரி மாதம். ஏரி நிறையத் தண்ணீர். "விடியற்காலையில்தான் பறவைகளைப் பார்க்கணும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, காலை நாலரை மணிக்கே காரில் ஏறி விட்டோம். இட்லியை டப்பாவில் கட்டி எடுத்துக் கொண்டாகி விட்டது. "முதல்ல பறவை, அப்புறம் டிபன்" என்பது பிள்ளைகளின் கட்டளை. என் மாமனாருக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை நோய். நேரம் தவறாத மனிதர். காலை ஆறரைக்கு வழக்கமாகப் போடுகிற மாத்திரையைக் காரிலேயே போட்டுக் கொண்டார். வீட்டில் என்றால் ஏழு மணிக்கு இட்லி தட்டில் இருக்கும். அன்றைக்கு ஏழேமுக்காலுக்கு நாங்கள் ஏரிக்கரையில் நடந்து கொண்டிருந்தோம்.

முதலில் அவருக்கு எரிச்சல் வந்தது. "என்னடா பெரிய பறவை" என்று பேரன் மேல் சள்ளென்று விழுந்தார். குளிர் காற்று வீசுகிறது, அவருக்கோ கழுத்தெல்லாம் வியர்வை. பைனாகுலர் பிடித்த கை நடுங்கியது. 'வயசாச்சு, நடந்த களைப்பு' என்று நினைத்தேன். அப்புறம் பேரனைப் பார்த்து, எப்போதோ இறந்து போன தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்போதுதான் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

நல்ல வேளை, பின்னால் வந்து கொண்டிருந்த ஒரு அம்மா நர்ஸ் வேலை பார்ப்பவர். ஒரு பார்வை பார்த்தார். "சுகர் பேஷண்டா? காலையில் சாப்பிட்டாரா?" என்று இரண்டே கேள்வி. கைப்பையிலிருந்து குளுக்கோஸ் பவுடரை எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மாமனார் மாமனாரானார். அப்புறம் எங்கே பறவை பார்ப்பது? பிள்ளைகள் உம்மென்று இருக்க, நேராக வீட்டுக்கு வந்து விட்டோம்.

இதற்குத் தாழ் சர்க்கரை என்று பெயர். ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்தின் ஆரம்பம். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது வரலாம். இந்த மருந்துகள் 'சாப்பாடு வரப் போகிறது' என்று நம்பிச் சர்க்கரையைக் குறைக்கும் வேலையை ஆரம்பித்து விடும். சாப்பாடு வராமல் போய், போதாக்குறைக்கு நடையும் சேர்ந்தால்? இருக்கிற கொஞ்ச சர்க்கரையையும் தசைகள் எடுத்துக் கொள்ளும். மூளைக்குத் தட்டுப்பாடு. அதனால்தான் எரிச்சல், வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடைசியில் குழப்பமான பேச்சு. மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பயம் பொதுவாகக் குறைவு. உங்கள் வீட்டுப் பெரியவர் சாப்பிடுவது எந்த ரகம் என்பதை ஒரு தடவை டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

அறிகுறி தெரிந்தால் உட்கார வைத்து, மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். பதினைந்து நிமிஷம் கழித்தும் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்த பிறகு இட்லியோ பிஸ்கட்டோ கட்டாயம் சாப்பிடணும், இல்லாவிட்டால் சர்க்கரை திரும்ப இறங்கும். சாக்லெட் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். அதில் இருக்கும் கொழுப்பினால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸேதான் வேணும். ஆகவே எல்லோருக்கும் பொதுவாக ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டைப் பையில் போட்டு விடுங்கள், வம்பில்லை. நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குப் போன் செய்யுங்கள். சுதாரித்துக் கொண்டாலும் வீடு திரும்பியதும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சில மாத்திரைகளால் வந்த தாழ் சர்க்கரை சில மணி நேரம் கழித்து மறுபடி எட்டிப் பார்க்கும்.

எங்கள் டாக்டர் அன்றைக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "விடியற்காலையில் போகணும்னு யாரும்மா சொன்னது? சாயங்காலம் பறவை வீட்டுக்கு வராதா?"

அதானே! மூன்றாம் தடவை அப்படித்தான் செய்தோம். பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருக்கிற வீட்டுக்கு என் ஓட்டு சாயங்காலத்துக்குத்தான். பறவைகளின் தினசரி வேலையைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். காலையில் பாதிப் பேர் இரை தேடிக் கிளம்பி விடுவார்கள். மத்தியானம் வெயில் ஏறினால் கூட்டில் இருக்கிற தாய் நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுக்குக் குடை பிடித்துக் கொண்டு அசையாமல் நிற்கும். நமக்கும் அந்த வெயிலில் கரையில் நடந்தால் தலைவலிதான் மிச்சம். நாலு மணிக்கு மேலேதான் திருவிழா! கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்து இறங்கும்.

எங்கள் கணக்கு இதுதான். காலையில் எல்லோரும் வீட்டிலேயே டிபன், மாத்திரை முடித்து எட்டு மணிக்குக் கிளம்பினோம். தாம்பரம், செங்கல்பட்டு தாண்டி, படாளம் கூட்டு ரோட்டில் வலது பக்கம் திரும்பினால் வேடந்தாங்கல். நாங்கள் திரும்பாமல் நேரே மதுராந்தகம் போய் ஏரி காத்த ராமரைச் சேவித்தோம். ஏரி உடையாமல் ராம லட்சுமணர்கள் இரவில் காவல் காத்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லப்படும் துரை யார் தெரியுமா? பறவைகளுக்குக் கவுல் கொடுத்த அதே பிளேஸ் துரைதான்! மதியச் சாப்பாடு வழக்கமான ஒரு மணிக்கு. கொஞ்சம் கண் அயர்ந்து, மூன்றரை மணிக்கு வேடந்தாங்கல். மாலை ஆறு மணியோடு மூடி விடுவார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கார் இல்லாதவர்கள் செங்கல்பட்டு வரை மின்சார ரயிலில் போய் அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். திரும்பி வரும் கடைசி பஸ் எப்போது என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுக் கொள்வது புத்திசாலித்தனம்.

சாப்பாடு கட்டிக் கொண்டு போகிறீர்களா? புளியோதரையை அடித்துக் கொள்ள ஆளில்லை. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்து கெடாமல் காக்கும். ஆனால் சாதத்தை நன்றாக ஆற விட்டுக் கட்டுங்கள். தேங்காய்ச் சட்னி, தேங்காய் சாதம் வேண்டாம், பூட்டிய காரின் சூட்டில் மத்தியானத்துக்குள் ஊசிப் போகும். இன்சுலின் வைத்திருப்பவர்களும் அதைக் காரிலேயே விட்டு இறங்காதீர்கள், சூட்டில் வீணாகி விடும்.

தண்ணீர் விஷயத்தில் பெண்கள் செய்கிற ஒரு தப்பு... நானும் செய்ததுதான். 'பாத்ரூம் வசதி எப்படி இருக்குமோ' என்று பயந்து காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வருவது. வயசான அம்மாக்களும் இப்படித்தான். விளைவு? தலைசுற்றல், நீர்க்கடுப்பு, அடுத்த வாரம் யூரின் டெஸ்ட்! வழியில் சுத்தமான ஓட்டலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தச் சொல்லுங்கள். வெட்கப்பட என்ன இருக்கிறது? பிரஷருக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை அன்றைக்கு நீங்களாகவே நிறுத்தி விடக் கூடாது. நேரத்தை மாற்றிக் கொள்ளலாமா என்று முன்னதாக டாக்டரிடம் கேளுங்கள்.

காரில் வாந்தி எடுக்கிற குழந்தை இருந்தால் கையில் செல்போனைக் கொடுக்காதீர்கள். கண் திரையில் நிற்க, காது 'வண்டி ஆடுகிறது' என்று சொல்ல, இரண்டும் ஒத்துப் போகாததால்தான் குமட்டல். ஜன்னல் வழியே தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். செங்கல்பட்டுப் பக்கம் கொளவாய் ஏரி வரும், அங்கிருந்தே கொக்கு எண்ண ஆரம்பிக்கலாம்.

கண் என்றதும் ஞாபகம் வருகிறது. நாள் முழுக்க ஒரு சாண் தூரத்தில் போனைப் பார்க்கிற பிள்ளைகள் தூரத்து மரத்தைப் பார்ப்பது கண் தசைகளுக்கு நல்ல ஓய்வு. பகல் வெளிச்சத்தில் வெளியே தினமும் விளையாடுகிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஏற்கெனவே போட்டிருக்கும் கண்ணாடியின் பவர் இதனால் குறையாது, ஒரே நாளில் எதுவும் நடந்து விடாது என்பதையும் சொல்லி விடுகிறேன்.

பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். 8 மடங்கு பெரிதாக்குவது போதும். அதற்கு மேலே போனால் கை ஆட்டத்தில் நாரையும் ஆடும். கண்ணாடி போட்டவர்கள் கழற்ற வேண்டாம். பைனாகுலரின் ரப்பர் விளிம்பை மடக்கி விட்டுப் பாருங்கள். சாயங்காலம் சூரியன் இறங்குகிற திசையில் பைனாகுலரைத் திருப்பவே கூடாது. குழந்தைகளிடம் இதை இரண்டு தடவை சொல்லுங்கள், கண் பார்வைக்கே ஆபத்து.

பளபளா சிவப்பு, மஞ்சள் உடைகளை அன்றைக்கு விட்டு விடுங்கள். வீட்டில் பழசாகிப் போன பச்சை, காப்பிக்கொட்டை நிறச் சட்டையே போதும். கை தட்டுவது, கல் எறிவது, 'பறக்குது பார்க்கலாம்' என்று விரட்டுவது... ஐயோ, வேண்டாம்! தாய் எழுந்து பறந்தால் அந்த இடைவெளியில் காக்கா முட்டையைக் கொத்தி விடும். கீழே செத்துக் கிடக்கும் பறவையைப் பார்த்தால் தொடாதீர்கள், ஊழியரிடம் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் இருக்கலாம் என்பதால் இந்த எச்சரிக்கை. எச்சம் மேலே விழுந்தால் பதற வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கை கழுவாமல் முறுக்கு டப்பாவைத் திறக்காமல் இருந்தால் சரி.

பார்க்கப் போவது என்ன என்று தெரிந்து கொண்டு போனால் ருசியே வேறு. நத்தைக்குத்தி நாரையின் அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். வயலில் நத்தையைப் பிடித்துத் தின்பதற்கு வாகான அலகு. கரண்டிவாயன் பெயருக்கேற்ப அகப்பை மூக்கை வைத்துத் தண்ணீரை இடமும் வலமும் துழாவும், நாம் பாயசம் கிண்டுவது மாதிரி. நீர்க்காகம் மரக்கிளையில் இறக்கையை விரித்து நிற்பது போஸ் கொடுக்க இல்லை. தண்ணீரில் முழுகினால் அதன் இறகு நனைந்து விடும், காயப் போடுகிறது! பாம்புத்தாரா நீந்தும்போது கழுத்து மட்டும் வெளியே தெரியும், பாம்பு என்றே பிள்ளைகள் அலறுவார்கள். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன்... பட்டியல் நீளம். எல்லாமே ஆஸ்திரேலியா, சைபீரியாவிலிருந்து வந்தவை என்று அளப்பவர்களை நம்பாதீர்கள். இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை பெரும்பாலும் நம் நாட்டுப் பறவைகள்தான். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி மாதிரி வடக்கே குளிர் தேசத்திலிருந்து வருகிற வாத்துகள் இங்கே கூடு கட்டுவதில்லை. குளிர் காலத்தைக் கழித்து விட்டு ஊருக்குப் போய்த்தான் பிள்ளை பெறும்.

மற்ற ஊர் வாசகர்கள் கோபித்துக் கொள்ள வேண்டாம். திருநெல்வேலிக்காரர்களுக்குக் கூந்தன்குளம் இருக்கிறது. அங்கே ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டும். ஈரோட்டுக்கு வெள்ளோடு, அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி, சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி. வேட்டங்குடிப் பக்கத்து ஊர்களில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. எங்கே போனாலும் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் பறவையை நுழைய விடாதீர்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் தடவை, நாலு மணிக்கு மாமனாருக்கு இரண்டு பிஸ்கட்டும் சர்க்கரை போடாத டீயும் கொடுத்து விட்டுத்தான் கரையில் ஏறினோம். முட்டி வலிக்காரரான அவரைக் கோபுரத்துப் படிகளில் ஏற்றவில்லை. மடக்கு நாற்காலி ஒன்றை மர நிழலில் போட்டு உட்கார வைத்தோம். மாமியாருக்கு ஒரு கண்ணில் புரை, பைனாகுலரில் ஒன்றும் பிடிபடவில்லை. "எனக்கு எதுக்குடி அது? காது இருக்கே" என்று கண்ணை மூடிக் கொண்டார். கொஞ்ச நேரத்தில், "அதோ, அந்தப் பக்கம் குஞ்சுங்க பசியில கத்துது" என்று கையைக் காட்டினார். பையன் அங்கே பைனாகுலரைத் திருப்பினால், இறங்கி வந்த தாய் நாரையைச் சுற்றி மூன்று குஞ்சுகள்!

ஐந்தரை மணி இருக்கும். ஏரி முழுக்கப் பறவைகள் வந்து இறங்கிக் கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து, மரங்களுக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் சில பறவைகள் மட்டும் எதிர்த்திசையில் கிளம்பிப் போயின. வக்கா அது, இரவில் இரை தேடுகிற ஜாதி. "எல்லாரும் வீட்டுக்கு வர்றப்ப இது மட்டும் எங்க தாத்தா போகுது?" என்றான் பையன்.

முப்பது வருஷம் தொழிற்சாலையில் வேலை பார்த்த மாமனார் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "நைட் ஷிப்ட்டுடா" என்றார்.